மாலை 4:30 ஆனால் நிலைகொள்ளவில்லை: மறதிநோயில் அந்தி நேரப் பதற்றம்

அந்திவிளக்கு (கேள்வி):

மாமியாருக்கு வயது 79. அல்சைமர் என்று உறுதியாகி 4 வருடம், இப்போது நடுக்கட்டம். காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. பெயர் மறந்தாலும் முகம் தெரிகிறது, கேட்டதற்குப் பதில் வருகிறது. கடந்த 3 வாரமாக மாலை 4:30 ஆனதும் ஆளே மாறிவிடுகிறார். எழுந்து எழுந்து வாசலுக்குப் போகிறார். "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா" என்கிறார். ஜன்னல் பக்கம் ஒரு பெண் நின்று முறைப்பதாகச் சொல்கிறார். கையைப் பிடித்து உட்கார வைத்தால் அடிக்கிறார். 8:30, 9 மணிக்குத்தான் அடங்குகிறது.

மருந்துகள்: மறதிக்கு டொனெபெசில் 10 மி.கி. இரவு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் 10 மி.கி. காலை. கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைட் 40 மி.கி. காலை 8, மாலை 4. தோல் அரிப்புக்குக் குளோர்பெனிரமைன் 4 மி.கி. இருவேளை, ஒரு மாதமாக. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உண்டு. பாராசிட்டமால் அவராகக் கேட்டால் மட்டும்.

மதியச் சாப்பாடு 12:30. தூக்கம் 1:30 முதல் 4 வரை. காபி 5 மணிக்கு. இரவுச் சாப்பாடு 8:30.

நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா? பதற்றத்துக்குக் குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்து 25 மி.கி. எழுதித் தந்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை. தொடங்கலாமா? அந்த 4 மணி நேரத்தை எப்படிக் கடத்துவது?


இரவுப்பணி_செவிலி:

நீங்கள் எழுதியதில் முதலில் கவனிக்க வேண்டியது "3 வாரமாக" என்பது. அல்சைமர் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஒருவர் திடீரென்று மாறினால், மறதிநோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. உடம்பில் வேறு ஏதோ கோளாறு மூளையைக் கலக்குகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். டெலீரியம் எனப்படும் இந்தத் திடீர் மனக்குழப்பம் மாலையிலும் இரவிலும் கூடுவது வழக்கம். அதனால் அந்தி நேரப் பதற்றம் போலவே தோன்றி ஏமாற்றும்.

இரண்டையும் பிரிக்க உதவுவது கவனம். ஆனால் கவனத்தைச் சோதிக்க வழக்கமாகச் செய்வதுபோல நடுக்கட்டத்தில் இருப்பவரை மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லிப் பயனில்லை, அது ஏற்கெனவே வராமல் போயிருக்கும். அவருடைய வழக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறதா? ஒரு வாக்கியம் முடிவதற்குள் கவனம் நழுவுகிறதா? ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் மந்தம் என்று மாறுகிறதா? "ஆம்" என்றால் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். பதறாமல் ஓயாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அதேதான். இந்த அமைதியான வகையை "இப்போ பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள், ஆபத்தே அதில்தான்.

பார்க்க வேண்டியவை: கடைசியாக மலம் போனது என்றைக்கு, இறுகலா இளகலா என்று தேதி போட்டுக் குறியுங்கள். அடிவயிறு உப்பி, தொட்டால் முகம் சுளித்தால் சிறுநீர் தேங்கியிருக்கலாம். சொட்டுச் சொட்டாகப் போவதும் தேக்கத்தின் அடையாளம்தான், "போகிறாரே" என்று விட வேண்டாம். காய்ச்சல், இருமல், வேகமான மூச்சு. சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைட் எடுப்பதால் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின். அண்மையில் கீழே விழுந்தாரா? தலையில் லேசாக அடிபட்டுச் சில வாரம் கழித்துக்கூட மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் தேங்கித் தெரியவரும்; ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும்.

சிறுநீர்ச் சோதனை பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வயதுப் பெண்கள் பலருக்கு எந்தத் தொற்று நோயும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி போவது என்ற அறிகுறி ஏதும் இல்லாமல், சோதனைப் பட்டை நிறம் மாறியதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்து, "காரணம் கிடைத்துவிட்டது" என்று மற்றதைத் தேடாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.


மருந்துப்பெட்டி:

செவிலி சொன்ன பரிசோதனைதான் முதல் வேலை. அதோடு இந்த மருந்துப் பட்டியலையும் கொண்டுபோங்கள், ஏனென்றால் மாலைப் பதற்றத்துக்கான காரணங்களில் பாதி இதிலேயே இருக்கலாம்.

குளோர்பெனிரமைன் ஒரு மாதம், பதற்றம் 3 வாரம். இந்த வரிசை தற்செயலாகத் தோன்றவில்லை. டொனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கூட்டிவைக்கும் மருந்து. குளோர்பெனிரமைன் அதே அசிட்டைல்கோலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒரே வண்டியில் முடுக்கியையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பது. குழப்பம், வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம் எல்லாம் இதனால் வரும். கடையில் நாமே வாங்கும் சளி மருந்துகளிலும் தூக்க மாத்திரைகளிலும் குளோர்பெனிரமைனோ டைஃபென்ஹைட்ரமினோ இருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். அமிட்ரிப்டிலின், ஆக்ஸிபியூட்டினின், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவையும் இதே ரகம். அரிப்புக்கு ஈரப்பத களிம்பை முறையாகப் பூசுவதும், தேவைப்பட்டால் மயக்கம் குறைந்த வேறு மருந்தும் போதுமா என்று கேளுங்கள்.

அடுத்தது ஃபுரோசமைட். வாய்வழி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி 6 முதல் 8 மணி நேரம் நீடிக்கும். மாலை 4 மணி மாத்திரை என்றால் 5 முதல் 10 வரை சிறுநீர் முட்டிக்கொண்டே இருக்கும். முட்டுகிறது என்று சொல்லத் தெரியாதவர் எழுந்து நடப்பார், கதவு கதவாகத் திறப்பார். நீங்கள் எழுதிய நேரத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. இரண்டாம் வேளை வேண்டும் என்றால் நண்பகல் 12, 1 மணிக்குள் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு படி பின்னால் போனால், அம்லோடிபைன் 10 மி.கி. அளவில் கணுக்கால் வீக்கம் சாதாரணமாக வரும் பக்கவிளைவு. அந்த வீக்கம் ஃபுரோசமைட்டால் சரியாக வடியாது, ஏனென்றால் அது உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கமே அல்ல. ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று சங்கிலி நீள்கிறது. இதயமோ சிறுநீரகமோ காரணம் இல்லை என்று உறுதியானால் சங்கிலியின் முதல் கண்ணியை மருத்துவர் மாற்றலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இதயம் பலவீனமானவருக்கு ஃபுரோசமைட்டைத் திடீரென்று நிறுத்தினால் மூச்சுத் திணறும்.

டொனெபெசில் இரவில் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கலையும், கனவுகள் தத்ரூபமாக வரும். அப்படி இருந்தால் காலைக்கு மாற்றலாம்.

குவெட்டியாபின்: அவசரப்பட வேண்டாம். மறதிநோய் உள்ள முதியோருக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-ல் கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் 10 வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதமும் இறந்திருந்தனர். பக்கவாதம், கீழே விழுவது, மந்தம் வேறு. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை, அல்லது அவருக்கே தாங்க முடியாத வேதனை. காரணங்களைச் சரிசெய்தும் தீரவில்லை. அப்போது கொடுப்பதில் நியாயம் உண்டு. கொடுத்தாலும் 4 வாரத்தில் பலன் இல்லையென்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பலன் இருந்தாலும் 4 மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும். லூயி பாடி வகை மறதிநோயில் இந்த வகை மருந்துகள் உடலை விறைக்க வைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லாத உருவங்கள் தெளிவாகத் தெரிவது அந்த வகையின் அடையாளங்களில் ஒன்று. ஆகவே ஜன்னலில் பெண் தெரிவதைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.


அறையமைப்பு:

அந்தப் பெண் எத்தனை மணிக்குத் தெரிகிறாள்? அதைக் குறித்துவைத்தால் பாதி விடை கிடைக்கும். வெளியே இருட்டி, உள்ளே விளக்கு எரிந்தால் ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். "அம்மா தேடுவா" என்பவர் மனத்தளவில் சிறுமியாகவோ இளம்பெண்ணாகவோ இருக்கிறார். கண்ணாடியில் தெரியும் நரைத்த முகம் அவருக்கு அந்நியர். அவர் முறைத்தால் அந்தப் பெண்ணும் முறைப்பாள். அந்த நேரத்தில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலேயே, அவர் தலை இருக்கும் உயரத்தில் நீங்கள் உட்கார்ந்து ஜன்னலைப் பாருங்கள். தெரிந்தால் திரையை வெளிச்சம் இருக்கும்போதே இழுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு, அவர் பயந்த பிறகு இழுப்பது தாமதம். பட்டப்பகலில் தெரிகிறாள், அல்லது குழந்தைகளும் விலங்குகளும் தெளிவாகத் தெரிகின்றன என்றால் கண்ணாடி காரணமல்ல. மருந்துப்பெட்டி சொன்ன சந்தேகம் வலுக்கிறது. கண்புரை, மூக்குக்கண்ணாடியின் பவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாலை ஏன் இவ்வளவு மோசமாகிறது என்றால், மூளையின் அடிப்பகுதியில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே உடலின் கடிகாரம் இருக்கிறது. அல்சைமரில் அந்தச் செல்களும் அழிகின்றன. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் குறைகிறது, உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் தாமதமாகிறது. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது பகல் வெளிச்சம். மேகமூட்ட நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருக்கும், வீட்டுக் கூடத்தில் 100, 200 தேறினால் அதிகம். அதனால் காலை 8-லிருந்து 10-க்குள் 30 முதல் 60 நிமிடம் வெளியில், குறைந்தது திறந்த ஜன்னலை ஒட்டி. வெளிச்சச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்று கலவையானதுதான். ஆனாலும் காலை வெளிச்சத்தோடு நடையும் சேர்ந்துகொள்வதால் இதை விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

மதியம் இரண்டரை மணி நேரம் தூங்கி 4 மணிக்கு எழுகிறார். எழும்போதே மந்தம், வெளியே மங்கும் வெளிச்சம், கையில் ஃபுரோசமைட், சாப்பிட்டு மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. இவ்வளவும் ஒரே நிமிடத்தில் வந்து சேர்கின்றன. தூக்கத்தை 2 மணிக்குள் 30 நிமிடமாகச் சுருக்குங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். கட்டிலுக்குப் பதில் சாய்வு நாற்காலி என்றால் எழுப்புவது சுலபம். ஒரேயடியாகத் தூங்கவிடாமல் செய்தால் களைப்பே பதற்றமாக மாறும்.

3:30-க்குச் சிற்றுண்டியும் தண்ணீரும். இரவுச் சாப்பாடு 6:30. இப்போது 12:30-க்கும் 8:30-க்கும் நடுவே 8 மணி நேரம், அதில் ஒரு காபி மட்டும். காபியைக் காலையோடு நிறுத்துங்கள், காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். தண்ணீரின் மொத்த அளவைக் குறைக்காதீர்கள், பெரும்பகுதியை மதியத்துக்குள் கொடுத்துவிடுங்கள். 3 மணியிலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் கேட்காமலே கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா விளக்குகளும். மூலையில் நிழல் விழக் கூடாது, கண்ணில் நேராக அடிக்கவும் கூடாது. கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியும். இரண்டையும் பார்த்து அவர் மிரளலாம். செய்தித் தொலைக்காட்சி அந்த நேரத்தில் வேண்டாம்.


அந்திவிளக்கு:

எல்லாருக்கும் நன்றி. மருத்துவரிடம் நாளை நேரம் வாங்கியிருக்கிறேன். பெண் தெரிவது விளக்கு போட்ட பிறகுதான், அதற்கு முன் இல்லை. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நடக்கும்போது முழங்காலையும் கெண்டைக்காலையும் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், வலிக்குதா என்றால் இல்லை என்கிறார். அப்புறம், "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும்போது என்ன பதில் சொல்வது? "இதுதானே நம்ம வீடு" என்றால் கோபம் இன்னும் ஏறுகிறது.


இயன்முறை:

உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். அப்போது வலிப்பதில்லை, நடந்தபோது வலித்தது நினைவிலும் இல்லை. எழுந்து நிற்க வைத்து, பத்தடி நடக்க வைத்து 5 நிமிடம் பாருங்கள்: மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10; எண் கூடினால் வலி கூட. காலை 10 மணி எண்ணையும் மாலை 4:30 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மருத்துவருக்கு நிறையச் சொல்லும்.

கேட்டால் மட்டும் பாராசிட்டமால் என்பது கேட்கத் தெரிந்தவர்களுக்கான முறை. நார்வேயில் 18 பராமரிப்பு இல்லங்களில் மறதிநோய் உள்ள 352 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. வலிக்கு நேரம் வைத்து, படிப்படியாக மருந்து கொடுத்ததில் 8 வாரத்தில் பதற்றம் 17 சதவீதம் குறைந்தது. பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலே போதுமானதாக இருந்தது, ஒரு நாளுக்கு 3 கிராமுக்கு மேற்படாமல். உங்கள் மாமியாருக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ குறைக்க வேண்டும். ஒரு வேளை மதியம் 3, 3:30-க்கு வரும்படி கேளுங்கள். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், கூட்டிக்கொள்ளுங்கள்.

கெண்டைக்காலைத் தேய்ப்பது வேறு கதையாகவும் இருக்கலாம். உட்கார்ந்தால் கால் குறுகுறுத்து உட்காரவிடாமல் செய்யும், நடந்தால் குறையும், மாலையில் கூடும்: கால் அமைதியின்மை. வாய்விட்டுச் சொல்ல முடியாதவரிடம் இது வெறும் பதற்றமாகவே தெரியும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தொல்லையில் 75-க்குக் கீழே இருந்தால், ரத்தசோகை இல்லாவிட்டாலும் இரும்புச் சத்து கொடுப்பதைப் பரிசீலிப்பார்கள். குளோர்பெனிரமைன் இதைக் கிளறிவிடும். குவெட்டியாபினும் கிளறிவிடக்கூடும். அதனால் அந்த மருந்தைத் தொடங்கும் முன் கால் தேய்ப்பதைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.


இரவுப்பணி_செவிலி:

பேச்சைப் பற்றி. "இதுதானே வீடு" என்பது உண்மைதான், ஆனால் அவர் கேட்டது முகவரியை அல்ல. பயமோ களைப்போ வந்தவர் பாதுகாப்பைத் தேடுகிறார். அம்மா இறந்துவிட்டார் என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவுச் செய்தி. "ஞாபகம் இருக்கா?" என்றும் கேட்க வேண்டாம்.

பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வராமல் எதிரே வாருங்கள், ஒரு கை நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டு, அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தாழ்ந்து. காதுக் கருவி இருந்தால் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு சின்ன வாக்கியம்: "அத்தை, நான் இங்கதான் இருக்கேன்." பிறகு மனத்துக்குள் 10 வரை எண்ணுங்கள். பதில் வர அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் நாம் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவதால்தான் அவருக்குத் தலை சுற்றுகிறது. அப்புறம்: "அம்மா நினைப்பு வந்துடுச்சா? அம்மா கையால என்ன செஞ்சு தருவாங்க?" பேச்சு அம்மாவிடமே நிற்கட்டும். பயம் அடங்கினால் கிளம்புவதும் அடங்கும்.

வாசலை மறிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் உதறுவார், உதறல் அடியாகும். உங்கள் உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டுங்கள், அவராகப் பிடித்துக்கொள்ளட்டும். அவர் போகும் திசையிலேயே கூட நடந்து, "போகலாம், முதல்ல பாத்ரூம் போயிட்டு வந்துடலாம்" என்று திருப்புங்கள். கழிப்பறை, ஒரு வாய் தண்ணீர், பத்து நிமிட நடை, இந்த மூன்றிலேயே பல மாலைகள் கடந்துவிடும். பேசுவது ஒருவராக மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் அறையை விட்டுப் போய்விட வேண்டும். கை ஓங்கினால் எட்டாத தூரத்துக்கு விலகி, அவருக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்காமல், 5, 10 நிமிடம் கழித்துத் திரும்ப வாருங்கள்.

கைக்கு வேலையை 4 மணிக்கே கொடுங்கள்: துணி மடிப்பது, பொத்தான்களை நிறவாரியாகப் பிரிப்பது. பதற்றம் தொடங்கிய பிறகு கொடுத்தால் தூக்கி எறிவார். கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி, அவர் உடையில் பெயரும் உங்கள் கைப்பேசி எண்ணும், உங்களிடம் அண்மைப் புகைப்படம். காணோம் என்றால் வீட்டுக்குள் சேமிப்பறை, குளியலறை வரை விரைவாகத் தேடிவிட்டு உடனே காவல்துறையைக் கூப்பிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.


தென்னங்கீற்று:

இடையில் ஒரு கேள்வி. மெலடோனின் மாத்திரை உதவுமா?


மருந்துப்பெட்டி:

பதற்றத்துக்கு என்றால் சான்று பலவீனம். நெதர்லாந்துப் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், மெலடோனின் தனியாகக் கொடுத்தபோது தூக்கம் ஓரளவு மேம்பட்டது; ஆனால் மனநிலை மோசமாகி, ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். பகல் முழுக்க நல்ல வெளிச்சத்தோடு சேர்த்தபோது அந்தப் பாதிப்பு இல்லை. எனவே வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் மாத்திரையில் தொடங்க வேண்டாம்.

அந்திவிளக்கு, நாளைக்கு ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு எடுத்துப் போங்கள்: மணி, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நடந்தது, அவர் செய்தது, எதனால் அடங்கியது. மருந்து மாத்திய தேதிகளைப் பக்கத்தில் எழுதுங்கள். குளோர்பெனிரமைனை மருத்துவர் நிறுத்தினால் பலன் தெரியச் சில நாள் முதல் ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் இன்னொரு மருந்தைச் சேர்த்துவிட்டால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தேவையில்லாத மாத்திரை மாதக்கணக்கில் தொடரும்.